ஆற்றுக்குப் போகிறேன் மன்னி

அத்தியாயம் 9

பாலாற்றில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிப் பார்த்தே பல வருடங்கள் ஆகின்றன. அந்த ஆற்றில் ஒரு பெண்ணின் உடலை ஒன்பது நாளாகத் தேடுகிறார்கள் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஓரிக்கைப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. மணல் லாரிகள் தோண்டிவிட்டுப் போன குழிகளில் ஊற்று நீர் தேங்கி, மேலே பாசி மூடி, ஆளை விழுங்கும் ஆழத்தில் கிடக்கிறது.

அந்தச் சனிக்கிழமை காலை நாங்கள் போனபோது அந்தப் பெண்ணின் கணவர் பாண்டியன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஒரு குழியிலிருந்து ஏறி வந்தார். தீயணைப்புக்காரர்கள் மூன்றாம் நாளே கிளம்பிவிட்டார்கள். போலீஸ் ஐந்தாம் நாள். மிச்சம் இருந்தது அவரும், கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த அவருடைய ஊரான முசரவாக்கத்து நண்பர்கள் இரண்டு பேரும்தான். கைலி முழுக்கச் சேறு. கண் இரண்டும் சிவந்திருந்தன.

என் முதலாளி தணிகாசலம் துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன் இருபது வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். கொலை செய்தவனைக்கூட மன்னித்துவிடுவார், ஒற்றெழுத்தை விட்டவனை மன்னிக்க மாட்டார். நான் சந்தியா. அவருக்கு உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருபவர். மூன்று வேலைக்கும் சேர்த்து ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

தேடப்படுகிறவர் பாண்டியனின் மனைவி ஸுபத்ரா. வயது முப்பத்தொன்பது. காஞ்சிபுரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழக நூலகத்தில் மொழிக் கணினி வல்லுநர். அந்தப் பதவி என்னவென்று போலீசுக்குப் புரியவில்லை. எங்களுக்கும்தான். பாண்டியனைக் கேட்டால், “கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லித் தர்ற வேலைபா” என்பார். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற மனிதர் அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வரும், உடனே போய்விடும்.

ஸுபத்ரா சின்ன காஞ்சிபுரத்து வைணவப் பண்டிதர் குடும்பத்துப் பெண். எட்டு வருடத்துக்கு முன் வீட்டை எதிர்த்துப் பாண்டியனைக் கட்டிக்கொண்டார். அன்றோடு அவருடைய அப்பா சக்ரவர்த்தி மகள் பேச்சையே எடுப்பதில்லை. போன வாரம் வியாழக்கிழமை மாலை ஸுபத்ரா நூலகத்திலிருந்து கிளம்பினார். வீடு வந்து சேரவில்லை. வெள்ளிக்கிழமை காலை தலைமை நூலகர் அவருடைய அறையைத் திறந்து கணினித் திரையை உயிர்ப்பித்தபோது அதில் ஒரே ஒரு வரி இருந்தது.

நான் ஆற்றுக்குப் போகிறேன் மன்னி

அந்த வரியின் அச்சுப் பிரதிதான் போலீஸ் கோப்பில் இருந்தது. அதன் நகலை என் முதலாளி மூன்று நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினார். ஆற்றங்கரையில் அதைப் பிரித்துப் பாண்டியனிடம் காட்டினார்.

பாண்டியன் அதைப் பார்க்கவில்லை. அவருக்கு வேண்டியது வேறு. எங்களை அமர்த்திய அன்றே சொல்லிவிட்டார். அந்த வியாழக்கிழமை காலை இருவருக்கும் சண்டை. அப்பாவுக்கு உடம்பு மோசமென்று கேள்விப்பட்டேன், ஒருமுறை என்னோடு வாருங்கள் என்று ஸுபத்ரா கேட்டிருக்கிறார். பாண்டியன் ஒரு பதில் சொன்னார். அந்தப் பதிலை எங்களிடம் இதோடு நாலாவது முறையாகச் சொன்னார்.

“அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். உனக்கு உங்கப்பா ஊடுதான் ஊடுன்னா அங்கியே போய் இருந்துக்கோன்னு சொன்னேன் சார். அதனாலதான் செத்துச்சா? அத மட்டும் சொல்லுங்க. ஆமான்னாலும் சொல்லுங்க.”

தணிகாசலத்தின் கண் காகிதத்திலேயே இருந்தது. உங்கள் மனைவி உங்களை எப்படி அழைப்பார் என்று கேட்டார். நீங்க, வாங்க என்றுதான் என்றார் பாண்டியன். சண்டையில்கூட ‘நீங்க பேசினது தப்பு’ என்றுதான் வருமாம். நீ, வா, போ என்று பேசச் சொல்லி எட்டு வருடமாகக் கெஞ்சியும் வாயில் வரவில்லை என்று விட்டுவிட்டாராம்.

“அப்போ உங்களுக்கு எழுதியிருந்தா ‘மன்னியுங்கள்’னு இருக்கணும்” என்றார் முதலாளி. “மொட்டையா ‘மன்னி’ன்னு எழுத மாட்டாங்க. ரெண்டு வாக்கியத்துக்கு நடுவுல ஒரு முற்றுப்புள்ளிகூட இல்ல.”

“சாகப் போறவங்க புள்ளி வைக்க மறந்திருப்பாங்க சார்” என்றேன். சொன்ன பிறகுதான் பாண்டியன் பக்கத்தில் நிற்பது உறைத்தது. அவர் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த குழியை நோக்கிப் போனார். எனக்கு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நூலகத்துக்கு என் ஸ்கூட்டியில் இருபத்தைந்து நிமிடம். வழி முழுக்க முதலாளி பின்னால் உட்கார்ந்துகொண்டு ‘மன்னி, மன்னி’ என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ரயில்வே கேட்டில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரர், பெரியவரிடம் நான் என்ன தப்புச் செய்தேன் என்று என்னையே கேட்டுவிட்டார்.

தலைமை நூலகர் ஆதிகேசவன் நெற்றியில் பளிச்சென்ற திருமண்ணோடு எங்களை ஸுபத்ராவின் அறைக்கு அழைத்துப் போனார். அறை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அவருடைய அறையைப் பிளைவுட் பலகையால் இரண்டாகத் தடுத்ததில் கிடைத்த மூலை அது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நூறாயுசு சொல்லலாம்.

ஒரு மேஜை, ஒரு கணினி, சுவர் நிறைய ஒலிநாடாக்கள். ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயர். பாதிக்கு மேல் முசரவாக்கம். மாமியார், நாத்தனார், பால்காரர், பம்புசெட்காரர் என்று பாண்டியனின் ஊரையே பேச விட்டுப் பதிவு செய்திருந்தார் ஸுபத்ரா. நூலகத்துக்கு நன்கொடையாக வந்த கடிதங்களும் பேட்டிகளும் பேச்சுத் தமிழில் இருந்தன. தேடுகிறவர்களோ எழுத்துத் தமிழில் தேடுவார்கள். முதலாவதை இரண்டாவதாக மாற்றக் கணினியைப் பழக்குவதுதான் அவருடைய வேலை. மேல் கட்டத்தில் பேசுகிற மாதிரி தட்ட வேண்டும். ஒரு விசையை அழுத்தினால் கீழ்க் கட்டத்தில் எழுத்துத் தமிழாக வரும். அழுத்தியதும் மேல் வரி அழிந்துவிடும். அடுத்த வரி தட்டினால் கீழே இருந்ததும் போய்விடும்.

ஆதிகேசவன் இதை விளக்கி முடிப்பதற்குள் நான் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வரி தட்டிவிட்டேன்.

இன்னாபா பண்ணிக்கினு கீறே

கணினி கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘என்ன அப்பா செய்துகொண்டு இருக்கிறாய்’ என்றது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான் என்றேன். முதலாளி சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்குத் தெரியும். பக்கம் முழுக்கச் சரியாக இருந்து, ஒரே ஒரு எழுத்து மட்டும் தலைகீழாக இருப்பதைக் கண்டுபிடித்த முகம்.

அந்தம்மா எழுதியதை நாம் யாரும் படிக்கவே இல்லை என்றார் அவர். படித்ததெல்லாம் கணினி எழுதியதை. அவர் தட்டியது என்ன?

ஆற்றுக்கு என்று இந்தப் பெட்டி எழுத வேண்டுமானால் மேலே என்ன தட்டியிருக்க வேண்டும் என்று கேட்டார். அதில் என்ன சந்தேகம், ஆத்துக்குத்தான் என்றேன். தட்டியும் காட்டினேன். ‘ஆற்றுக்கு’ என்று வந்தது. ‘மன்னி’ என்று தட்டினேன். ‘மன்னி’ என்றே வந்தது.

மேஜை இழுப்பறையில் நீள நோட்டு ஒன்று இருந்தது. அவர் கணினிக்குச் சொல்லித்தந்த விதிகளெல்லாம் பொடி எழுத்தில், எண் போட்டு. முதலாளி ஆள்காட்டி விரலை வரி வரியாக நகர்த்திக்கொண்டு வந்து இருநூற்றுப் பதினான்காம் விதியில் நிறுத்தினார்.

‘ஆத்து, ஆத்துல, ஆத்துக்கு: ஆறு என்று கொள்க. வீடு (அகம்) என்ற பொருளும் உண்டு. ஆனால் திரட்டிய பேச்சில் நூற்றுக்கு மூன்று இடத்தில்தான். முசரவாக்கம் நாடாக்களில் ஒன்றுகூட இல்லை. இப்போதைக்கு விட்டுவிடலாம்.’

“நூத்துக்கு மூணு ஓட்டு. டெபாசிட்டே போச்சு” என்றேன்.

என் பின்னால் நின்ற ஆதிகேசவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் நோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது நாளாகக் காகிதத்தில் பார்த்த வரியை அப்போதுதான் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னார், தன் வீட்டில் பேசுகிற மாதிரி.

“நான் ஆத்துக்குப் போறேன் மன்னி.”

சொல்லிவிட்டு அப்படியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் வீட்டுப் பேச்சில் ‘ஆம்’ என்றால் அகம், அதாவது வீடு; ‘ஆத்துக்கு’ என்றால் வீட்டுக்கு. மன்னி என்றால் அண்ணன் மனைவி. ஆற்றில் விழப் போகிறேன், மன்னித்துவிடு என்று ஊரே படித்த வரி, வீட்டுக்குப் போகிறேன் அண்ணி என்று ஒரு பெண் சொன்ன சாதாரண வரி.

பிறகு ஆதிகேசவன் மறைத்து வைத்திருந்ததும் வெளியே வந்தது. அந்த வியாழக்கிழமை மதியம் ஸுபத்ராவின் அண்ணி நாமகிரி நூலகத்துக்கு வந்திருந்தார். இருவரும் ஒரே நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்து, பேசாமல், கணினியில் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆதிகேசவன் சக்ரவர்த்தியின் பால்ய சிநேகிதர். அவர் காதில் விழக் கூடாது என்றுதான். மறுநாள் விடியற்காலையில் சக்ரவர்த்தி காலமானார். அதே காலையில் திரையில் இந்த வரி. துக்க வீட்டில் இன்னொரு துக்கத்தை ஏன் இறக்க வேண்டும் என்று அவர் அங்கே ஸுபத்ராவைப் பற்றி வாய் திறக்கவில்லை. பெரிய குடும்பத்துப் பெயர் கெடக் கூடாது என்று இங்கே போலீசிடம் நாமகிரி வந்ததையும் சொல்லவில்லை. பாண்டியனோ மாமனார் வீட்டு விலாசத்தையே போலீசுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார். எல்லோரும் நல்லது நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சின்ன காஞ்சிபுரத்துக்கு நான் ஓட்டிய வேகத்தைப் போக்குவரத்துப் போலீஸ் பார்த்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். முதலாளி முகத்தில் சந்தோஷம் இருந்தது. எனக்கும்தான், பொய் சொல்வானேன். அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறார், அங்கேயே இருக்கிறார், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டுவிட்டோம்.

நாமகிரிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒன்பதாம் நாள் வீடு. கூடத்தில் கணவர் வரதராஜன் உறவினர்களோடு மறுநாள் காரியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பின்கட்டுக்கு அழைத்துப் போன நாமகிரி, ஸுபத்ரா என்ற பேரைக் கேட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் பேச்சை எடுக்காதீர்கள் என்றார்.

மாமனார் எட்டு வருடத்தில் முதன்முறையாக அந்த வியாழக்கிழமை காலைதான் மகளைக் கேட்டாராம். ‘ஸுபத்ரா வந்துட்டாளா’ என்று மூன்று முறை. நாமகிரி யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து நூலகத்துக்குப் போய் விஷயத்தைத் தட்டிக் காட்டினார். ஸுபத்ரா அழுதார். பிறகு அந்த வரியைத் தட்டி, நாமகிரி படித்ததும் விசையை அழுத்தி அழித்தார். நாமகிரி திரும்பி வந்து மாமனார் காதில், ‘வந்துண்டிருக்கா’ என்றார். அவர் தலையை வாசல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். விடியும்வரை திருப்பவே இல்லை. அப்படியே போய்விட்டார்.

“நான் அந்த மனுஷருக்குப் பொய் சொன்னவளாயிட்டேன்” என்றார் நாமகிரி. “அவ்வளவு வைராக்கியமா ஒரு பொண்ணுக்கு? செத்ததைக்கூட அவளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம்னுட்டேன்.”

முதலாளியின் முகத்திலிருந்த சந்தோஷம் போய்விட்டது. ஸுபத்ரா இங்கே வரவில்லை. ஆற்றுக்கும் போகவில்லை. ஒன்பது நாளாக வீட்டிலும் இல்லை என்பதை அவர் நாமகிரியிடம் மெதுவாகச் சொன்னார். அந்த அம்மாளுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்த பிறகு தணிகாசலம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கல்யாணமான பொண்ணு ‘ஆத்துக்குப் போறேன்’னு சொன்னா, அது எந்த வீடும்மா?”

நாமகிரி பதில் சொல்ல வாயைத் திறந்தார். கண்கள் மட்டும் பெரிதாகிக்கொண்டே போயின.

“இங்க வரதா இருந்தா ‘அப்பாவாத்துக்கு வரேன்’னு சொல்லியிருப்பா” என்றார் கடைசியில். “அவ ‘போறேன்’னுதான் சொன்னா. ஆத்துக்குன்னா... அவாத்துக்கு. அவ ஆம்படையான் ஆத்துக்கு.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “நான்தான் எங்காத்தைச் சொல்றான்னு நினைச்சுண்டேன்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாண்டியன் தனக்குத் தெரிந்த ஆற்றைப் படித்தார். நாமகிரி தனக்குத் தெரிந்த வீட்டைப் படித்தார். நாங்கள் இருவரும் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு நாமகிரி படித்ததையே படித்தோம். அந்தப் பெண் சொன்னதை ஒருவரும் படிக்கவில்லை.

ஸுபத்ரா முசரவாக்கத்துக்குத்தான் கிளம்பியிருக்கிறார். அப்படியானால் அவர் காணாமல் போனது அந்த வழியில். அங்கே ஒரு நாள்கூட யாரும் தேடவில்லை.

முதலாளி வாடகைக் கார் எடுத்துக்கொண்டு முசரவாக்கம் பிரியும் நெடுஞ்சாலைக்குப் புறப்பட்டார். நாமகிரி நானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டார். துக்க வீட்டுப் பெண் இந்த நேரத்தில் எங்கே போகிறாள் என்று கூடத்திலிருந்து யாரோ கேட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பாண்டியனைக் கூட்டிவர ஓரிக்கைக்குப் போனேன்.

ஸுபத்ரா ஆற்றுக்கு வரவே இல்லை என்று சொன்னதும் அவர் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. நான்தான் அவிழ்த்துவிட்டேன். வண்டியில் பாதி வழி வந்தபிறகு, “உயிரோட இருக்குதாமா?” என்று கேட்டார். காற்றில் காது கேட்காத மாதிரி ஓட்டினேன்.

நெடுஞ்சாலையில் நான்கு வழிப்பாதை வேலை நடந்துகொண்டிருந்தது. பிரிவில் இருந்த டீக்கடைக்காரருக்கு அந்த வியாழக்கிழமை நன்றாக நினைவிருந்தது. மாலை ஐந்தரை மணிக்குக் காஞ்சிபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கிச் சாலையைக் கடந்த ஒரு பெண்ணை வேன் ஒன்று அடித்துவிட்டு நிற்காமல் போயிற்று. பெங்களூர் பக்கம் போன ஒரு லாரிக்காரர் இறங்கி, அள்ளிப் போட்டுக்கொண்டு மேற்கே போனார். அடிபட்டது யார் என்றோ, எந்த ஆஸ்பத்திரிக்கு என்றோ யாரும் கேட்டு வைக்கவில்லை. பாண்டியன் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அங்கிருந்து அவர் வீடு அரை கிலோமீட்டர். ஒன்பது நாளும் அவர் அந்தத் தார்ச்சாலையை மிதித்துத்தான் ஆற்றுக்குப் போயிருக்கிறார்.

மாவட்ட எல்லையைத் தாண்டி இரண்டு ஆஸ்பத்திரிகளில் விசாரித்தோம். இல்லை என்றார்கள். மூன்றாவது ஒரு அரசு ஆஸ்பத்திரி. பிற்பகல் மூன்று மணி. பெண்கள் வார்டில் லில்லி என்ற நர்ஸ் எங்களையும் பாண்டியனின் சேற்றுக் கைலியையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் நாற்காலி எடுத்துப் போட்டார். யாரும் உட்காரவில்லை.

நோயாளிக் குறிப்பேட்டில் ‘பெயர் தெரியாத பெண், வயது சுமார் நாற்பது’ என்று இருந்தது. அதன் கீழே, ‘சொந்த ஊர்: செய்யாறு’.

ஏன் செய்யாறு என்று முதலாளி கேட்டார். லில்லி சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன்.

“தலைல அடி சார். பேரு கேட்டா சொல்லத் தெரியல. நெனப்பு வர்றப்பல்லாம் ‘ஆத்துக்குப் போணும், ஆத்துல தேடுவார்’னு சொல்லிக்கினே இருந்தாங்க. எந்த ஆறுமா, பாலாறா, செய்யாறான்னு கேட்டேன். தலைய ஆட்டின மாதிரி இருந்துச்சு. செய்யாறு ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்பிச்சோம். அங்க இப்படி யாரும் காணாம போகலன்னுட்டாங்க. நாலு நாள் இருந்தாங்க. திங்கக்கிழமை காலைல...”

லில்லி குறிப்பேட்டை மூடினார்.

பாண்டியன் பிணவறைக்குள் தனியாகப் போனார். திரும்பி வர வெகு நேரம் ஆயிற்று. வந்தவர் அழவில்லை. சுவரோரம் குந்தி உட்கார்ந்துகொண்டு முதலாளியைப் பார்த்தார். நாலு நாள் சார் என்றார். நாலு நாளும் அவர் குழிக்குள்ளே இருந்தார். அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பது அந்தப் பார்வையில் இருந்தது. சாகப் போகவில்லை, சரி. ஆனால் அப்பா வீட்டிலிருந்து கூப்பிட்ட பிறகு, சாகக் கிடக்கிற அப்பாவை விட்டுவிட்டு எதற்கு முசரவாக்கத்துக்கு வந்தாள்? துணிமணி எடுத்துக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடவா?

அதைத்தான் அவர் நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் அதையே நினைத்தேன். முதலாளியும் நினைத்திருப்பார்.

லில்லி அலமாரியிலிருந்து ஒரு கடைப் பையை எடுத்து வந்தார். லாரிக்காரர் சாலையில் கிடந்ததையெல்லாம் பொறுக்கிக் கொடுத்ததில் இது ஒன்றுதான் மிஞ்சியது, கைப்பை கிடைக்கவில்லை என்றார். உள்ளே ஒரு புது வேட்டி, மேல்துண்டு. மடிப்புக் கலையவில்லை. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மண். அன்று மாலை பஸ் ஏறுவதற்கு முன் வாங்கியிருக்கிறார்.

அப்பாவுக்கு வாங்கியிருக்கிறாள் என்று நாமகிரி அதைக் கையில் வாங்கித் தடவிக்கொடுத்தார். முதலாளி வேட்டியின் ஓரத்தில் இருந்த சீட்டைப் படித்தார். அச்சில் இருப்பது எதையும் படிக்காமல் விடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. படித்துவிட்டு, பெரியவர் எப்படி வேட்டி கட்டுவார் என்று நாமகிரியைக் கேட்டார்.

“எப்பவும் பஞ்சகச்சம்தான். எட்டு முழத்துக்குக் குறைஞ்சு கையாலகூடத் தொடமாட்டார்.”

“இது நாலு முழம்மா” என்றார் முதலாளி.

நாமகிரி வேட்டியை விரித்தார். தன் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வைத்து அளக்க ஆரம்பித்தார், நான்கில் முடிந்துவிட்டது. அதைத் திரும்ப மடித்துக் கொண்டுபோய்ப் பாண்டியன் மடியில் வைத்தார்.

மாமனார் வீட்டுக்கு முதன்முறையாகப் போகிற மாப்பிள்ளைக்குப் புது வேட்டி எடுப்பது எந்தச் சாதியிலும் உள்ள வழக்கம். அப்பா கூப்பிட்டதும் ஸுபத்ரா தனியாக ஓடிவிடவில்லை. காலையில் மாட்டேன் என்று சொன்ன மனிதனைக் கையைப் பிடித்து அழைத்துப் போகத்தான் வந்தார். தன் வீட்டு வழக்கப்படி எட்டு முழம் கட்டிக்கொண்டு வரச் சொல்லவும் இல்லை. அவர் எப்படிக் கட்டுவாரோ அப்படியே வரட்டும் என்று நாலு முழம் எடுத்திருந்தார். முதலாளி இதைப் பாண்டியனிடம் நாலு வாக்கியத்தில் சொன்னார்.

பாண்டியன் அப்போதுதான் அழுதார். வார்டில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்க்கும்படி, வேட்டியை முகத்தில் அழுத்திக்கொண்டு, “என்னக் கூட்டிக்கினு போவத்தான் வந்துச்சா, என்னக் கூட்டிக்கினு போவத்தான் வந்துச்சா” என்று அழுதார்.

பிறகு அவர் குழாயடிக்குப் போய்க் கை கால் கழுவிச் சேற்றுக் கைலியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். லில்லி நீட்டிய படிவத்தில் உறவு என்ற இடத்தில் கணவன் என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

அமரர் ஊர்தியின் டிரைவர் நோட்டைப் பிரித்துக்கொண்டு, காஞ்சிபுரம் பக்கம் எந்த இடத்துக்கு என்று கேட்டார். பாண்டியன் நாமகிரியைப் பார்த்தார்.

“அவங்கப்பா ஊட்டுக்கே எடுத்துக்கினு போயிடுங்கமா” என்றார். “அங்க வரணும்னுதான அதுக்கு அவ்ளோ ஆச. நான் தெருவுல நின்னுக்கிறேன்.”

நாமகிரி தலையை ஆட்டி மறுத்தார். அந்த வீட்டிலிருந்து யாரும் அவரை அதுவரை அழைக்காத சொல்லால் அழைத்தார்.

“இல்ல மாப்பிள்ளை. ஆத்துக்குப் போறேன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் கிளம்பினா. அங்கேயே அழைச்சுண்டு போங்கோ. நாங்க அங்க வரோம்.”

டிரைவர் நோட்டில் முசரவாக்கம் என்று எழுதிக்கொண்டார்.